நூறு டாலர் எண்

1143816257578888676692357799761466120102182967212423625625618429
35706935245733897830597123563958705058989075147599290026879543541

பக்கத்தின் அகலம் போதாமல் இரண்டு வரியாக உடைத்திருக்கிறேன். உண்மையில் இது ஒரே எண், 129 இலக்கங்கள் கொண்டது. பள்ளிக்கூடக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டே இதைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிடலாம். 1இல் முடிகிறது, அதனால் ஒற்றைப்படை எண், 5ஆலும் வகுபடாது. இலக்கங்களையெல்லாம் கூட்டினால் 620 வரும். 6, 2, 0 மூன்றையும் கூட்டினால் 8. ஆகவே 3ஆல் வகுபடாது. 9ஆல் வகுத்தால் மீதி 8. காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் 7, 11, 13 என்று மேலே போகலாம். எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றாலும் வகுபடாது. ஆனாலும் இது பகா எண் அல்ல.

1977க்கு முன் இந்த எண்ணை எவராவது எழுதிப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. 129 இலக்க எண்கள் அத்தனை இருக்கின்றன. அவற்றில் குறிப்பாக இதைத் தொடுவதற்கு யாருக்கும் ஒரு காரணமும் இருந்ததில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில், எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் மூன்று இளைஞர்கள் வேண்டுமென்றே இதை உண்டாக்கினார்கள். ‘முடிந்தால் பிரித்துப் பார்’ என்று உலகத்துக்கு முன்னால் வைத்தார்கள். பிரிப்பவருக்கு நூறு டாலர் பரிசு. இப்போது இந்த எண்ணின் பெயர் ஆர்.எஸ்.ஏ.–129. பிறந்தபோது அதற்குப் பெயர் எதுவும் இல்லை.

கதை 1976 நவம்பரில் தொடங்குகிறது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் ‘சங்கேதவியலில் புதிய திசைகள்’ என்ற கட்டுரையை வெளியிட்டார்கள். அதுவரை ரகசியச் செய்தி அனுப்புவதில் ஒரு தொல்லை இருந்தது. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் முன்கூட்டியே ஒரே சாவியைப் பகிர்ந்திருக்க வேண்டும். முன்பின் பார்க்காத இருவர், அதுவும் எல்லோரும் ஒட்டுக்கேட்கும் கம்பி வழியாக, அந்தச் சாவியை எப்படிப் பகிர்வது? டிஃபியும் ஹெல்மனும் சொன்ன யோசனை துணிச்சலானது. பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி. பூட்டும் சாவியைப் பத்திரிகையில் விளம்பரமாகவே போட்டுவிடலாம். யார் வேண்டுமானாலும் பூட்டட்டும். திறக்க முடிந்தவர் ஒருவரே.

யோசனை இருந்தது, அதைச் செய்துகாட்டும் கணக்கு இல்லை. முன்னே போவது சுலபமாகவும் திரும்பி வருவது ஏறக்குறைய இயலாததாகவும் இருக்கிற ஒரு கணக்கு வேண்டும். கூடவே, ரகசியம் தெரிந்தவருக்கு மட்டும் திரும்பி வரும் வழி திறந்திருக்க வேண்டும். அப்படி ஒன்று உண்டா என்பதே அன்றைக்குத் தெரியாது.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கிளர்ச்சியடைந்தவர் ரான் ரிவெஸ்ட். எம்.ஐ.டி.யில் கணினி அறிவியல் ஆசிரியர். அடி ஷமீர், லெனார்டு ஏடில்மன் என்ற இரண்டு நண்பர்களையும் இதற்குள் இழுத்தார். ரிவெஸ்ட்டும் ஷமீரும் ஒன்றன்பின் ஒன்றாக முறைகளைக் கொண்டுவருவார்கள். எண் கோட்பாட்டில் கைதேர்ந்த ஏடில்மன் அவற்றை உடைத்துக்கொண்டே வருவார். மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. 1977 ஏப்ரலில் யூதர்களின் பாஸ்கா பண்டிகை. ஒரு மாணவர் வீட்டில் விருந்து முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பிய ரிவெஸ்ட்டுக்குத் தூக்கம் வரவில்லை. கணிதப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். விடிவதற்குள் முறை முழுதாக உருவாகிவிட்டது. காலையில் கட்டுரையை ஏடில்மனிடம் கொடுத்தார். இந்த முறையை ஏடில்மனால் உடைக்க முடியவில்லை. எழுதியது ரிவெஸ்ட்தானே, என் பெயர் எதற்கு என்று அவர் தயங்கினார். ரிவெஸ்ட் விடவில்லை. கடைசியில், பெயர் இருக்கட்டும், ஆனால் மூன்றாவதாக இருக்கட்டும் என்று சமாதானமானார்கள். ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற வரிசையும் ஆர்.எஸ்.ஏ. என்ற மூன்றெழுத்தும் அப்படி வந்தவை.

அந்த இரவில் ரிவெஸ்ட் கைப்பற்றிய ‘திரும்ப முடியாத கணக்கு’ வேறெதுவுமில்லை, பெருக்கல்தான். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடி வேலை. பெருக்கி வந்த விடையை மட்டும் கையில் கொடுத்து, எந்த இரண்டைப் பெருக்கினோம் என்று கேட்டால் திகைத்து நிற்க வேண்டியதுதான். மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலந்து ஆரத்தி கரைக்க எவ்வளவு நேரமாகும்? அந்தச் சிவப்பிலிருந்து மஞ்சளைத் தனியாக, சுண்ணாம்பைத் தனியாக எடுத்துத் தரச் சொன்னால்? எண்களுக்குள்ளும் அப்படி ஒரு வழிப் பாதை இருக்கிறது.

இது ரிவெஸ்ட்டுக்கு நூறாண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்ணில் பட்டிருந்தது. இங்கிலாந்தின் பொருளியலாளரும் தர்க்கவியலாளருமான ஸ்டான்லி ஜெவன்ஸ் 1874இல் ‘அறிவியலின் கோட்பாடுகள்’ என்ற நூலை எழுதினார். அதில் வாசகரைப் பார்த்து ஒரு கேள்வி: எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 8616460799 வரும்? என்னைத் தவிர வேறு யாருக்கும் இது என்றைக்காவது தெரியவரும் என்று நான் நினைக்கவில்லை என்ற பொருளில் கூடவே ஒரு குறிப்பும் எழுதினார். வெறும் பத்து இலக்கம். ஒரு முறை எளிது, அதன் எதிர்முறை கடினம் என்ற உண்மையை இவ்வளவு தெளிவாகப் பிடித்த மனிதர், அந்தக் கடினம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதைத் தவறாகக் கணித்தார். அமெரிக்கக் கணிதர் டெரிக் நார்மன் லேமர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விடையைக் கண்டுபிடித்துவிட்டார்: 89681 × 96079. ஜெவன்ஸின் இந்தத் தவறு நம் கதையில் இன்னொரு முறை, இதைவிடப் பெரிய அளவில் வரப்போகிறது.

வேறொரு முன்னோடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் அரசின் ரகசியத் தகவல்தொடர்பு அமைப்பில் 1973இல் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர் கிளிஃபோர்டு காக்ஸ். அதே அமைப்பில் ஜேம்ஸ் எல்லிஸ் என்பவர் முன்பே எழுப்பியிருந்த கேள்வி ஒன்று அவர் காதுக்கு வந்தது. ஒரே மாலையில், பகா எண்களைப் பெருக்கும் இதே முறையை அவர் கண்டுபிடித்தார். அலுவலக விஷயத்தை வீட்டில் தாளில் எழுதக் கூடாது என்பது விதி. முழுவதையும் மனதுக்குள்ளேயே போட்டுப் பார்த்தார். 1997 வரை அது வெளியே வரவில்லை. எம்.ஐ.டி. மூவர் உலகப் புகழ் பெறுவதை இருபது ஆண்டுகள் வாய் திறக்காமல் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கணித வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த மௌனங்களில் இது ஒன்று.

எம்.ஐ.டி.யின் கண்டுபிடிப்பு முறையான ஆய்விதழில் வருவதற்கு முன்பே பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்தது. காரணம் மார்ட்டின் கார்ட்னர். ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ மாத இதழில் கணித விளையாட்டுகள் பற்றிப் பல்லாண்டுகளாகப் பத்தி எழுதிவந்தவர். ரிவெஸ்ட் அனுப்பிய கட்டுரையைப் படித்ததும் அதன் அருமை அவருக்குப் புரிந்துவிட்டது. 1977 ஆகஸ்ட் இதழின் பத்தியை முழுவதும் இதற்கே ஒதுக்கினார். வாசகர்கள் கையில் கொடுக்க ஒரு சவால் வேண்டுமே, அதற்காகத்தான் இந்த எண் பிறந்தது.

எப்படிப் பிறந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முதலில் ஏறத்தாழ 64 இலக்கம் கொண்ட பகா எண்கள் இரண்டு வேண்டும். பகா எண்களுக்கு அந்த உயரத்தில் பட்டியல் எதுவும் கிடையாது, தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் தேடல் அவ்வளவு கடினமல்ல. எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பகா எண்கள் அருகிக்கொண்டே போகும், ஆனாலும் அற்றுப்போவதில்லை. 64 இலக்க உயரத்தில் சராசரியாக 147 எண்களுக்கு ஒன்று பகா எண். இரட்டைப்படை எண்களை முதலிலேயே தள்ளிவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் எழுபத்து நாலு ஒற்றை எண்களில் ஒன்று தேறும். எடுத்த எண் பகா எண்ணா என்று எப்படிச் சோதிப்பது? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் இதிலுள்ள அதிசயம். 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா கண்ட ஒரு பண்பு உண்டு. ஒரு பகா எண்ணை p என்று வைத்துக்கொண்டால், அதனால் வகுபடாத எந்த எண்ணையும் p−1 தடவை தன்னோடு பெருக்கி pஆல் வகுத்தால் மீதி 1தான் வரும். வேறு மீதி வந்தால் அது பகா எண்ணே அல்ல. இந்தப் பண்பையும் இதைக் கூர்மையாக்கிய சோதனைகளையும் கணினியிடம் கொடுத்தால், காரணி ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காமலே ‘இது பகு எண், தள்ளு’ அல்லது ‘இது பகா எண் என்று நம்பலாம்’ என்று சொல்லிவிடும்.

நம் 129 இலக்க எண் பகா எண் அல்ல என்று 1977இலேயே எவரும் நிரூபித்திருக்கலாம் என்பதும் இதனால்தான். உடையும் என்று தெரியும். எங்கே உடையும் என்று தெரியாது. அவை இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் பள்ளியில் நமக்குத் தோன்றுகிறது. எண்களின் உலகத்தில் அவற்றுக்கு நடுவே பெரும் பள்ளம் இருக்கிறது. 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் முதல் கேள்விக்கு, தற்செயலை நம்பாத, விரைவான, முழுமையான விடை தரும் முறையைக் கண்டுபிடித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். இரண்டாவது கேள்விக்கு இன்றைய கணினிகளில் ஓடக்கூடிய அப்படியொரு விரைவு முறை இன்னும் யாருக்கும் கிட்டவில்லை.

கிடைத்த இரண்டு பகா எண்களையும் பெருக்கினார்கள். ஒன்றுக்கு 64 இலக்கம், மற்றதற்கு 65. விடை 129 இலக்கம். கூடவே 9007 என்ற சின்ன எண்ணையும் தேர்ந்தெடுத்தார்கள். 129 இலக்க எண்ணும் 9007உம்தான் பூட்டும் சாவி. பிறகு ஓர் ஆங்கில வாக்கியத்தை எடுத்து, எழுத்துகளுக்கு 01 முதல் 26 வரையும் சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிக்கு 00 என்றும் எண் கொடுத்தார்கள். அது ஒரே நீண்ட எண்ணாக மாறியது. அந்த எண்ணை 9007 தடவை தன்னோடு பெருக்கி, 129 இலக்க எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் அச்சிட்டார்கள். மீதியிலிருந்து வாக்கியத்துக்குத் திரும்ப இன்னொரு அடுக்கு எண் வேண்டும். இரண்டு பகா எண்களும் தெரிந்தால், ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்கிக்கொண்டு, அந்த அடுக்கைச் சில நொடிகளில் கணக்கிட்டுவிடலாம். தெரியாதவருக்குக் கதவு மூடித்தான் கிடக்கும்.

இதே முறையைத் தலைகீழாகப் பயன்படுத்தி ஒரு கையெழுத்தும் வைத்தார்கள். பத்தியில் இன்னொரு நீண்ட எண் இருந்தது. அதை 9007 தடவை பெருக்கி மீதி எடுத்துப் பார்த்தால், முதலில் விடை காண்பவருக்கு நூறு டாலர் பரிசு என்ற வாக்கியம் வரும். திறக்கும் சாவி உள்ளவரைத் தவிர வேறு யாராலும் அப்படியொரு எண்ணை உண்டாக்கியிருக்க முடியாது. ஆகவே, பரிசு அறிவித்தது அவர்கள்தான் என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. இன்று இணையத்தில் ஒரு வங்கியின் பக்கம் உண்மையானதா என்று நம் கைப்பேசி சரிபார்க்கும் முறைகளுக்கு அடிப்படை இந்தக் கையெழுத்துதான்.

பரிசு எவ்வளவு காலம் பத்திரமாக இருக்கும்? 125 இலக்க எண் ஒன்றைக் காரணிப்படுத்த நானூறு கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்பது ரிவெஸ்ட்டின் மதிப்பீடு. கார்ட்னர் அதை வெளியிட்டார். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அதைப்போல இருபத்தொன்பது லட்சம் மடங்கு. கட்டுரையின் நகல் வேண்டுவோர் தபால்தலை ஒட்டி விலாசம் எழுதிய உறையை அனுப்பலாம் என்று பத்தியில் இருந்தது. ஆயிரக்கணக்கில் உறைகள் எம்.ஐ.டி.யில் வந்து குவிந்தன.

அடுத்து நடந்ததைப் பலரும் கவனிப்பதில்லை. 1978 பிப்ரவரியில் மூவரின் கட்டுரை முறையான ஆய்விதழில் வந்தது. அதில் ஒரு சிறு அட்டவணை இருக்கிறது. நொடிக்குப் பத்து லட்சம் செயல்கள் செய்யும் கணினிக்கு, அன்றைக்குத் தெரிந்த சிறந்த முறையில், 75 இலக்க எண்ணுக்கு 104 நாள், 100 இலக்கத்துக்கு 74 ஆண்டு, 200 இலக்கத்துக்கு 380 கோடி ஆண்டு. 200 இலக்கத்துக்கே 380 கோடிதான் என்றால், 125 இலக்கத்துக்கு நானூறு கோடி கோடி எப்படிச் சரியாகும்? ஆறே மாதத்தில் அவர்களுடைய அட்டவணையே பத்தியிலிருந்த மதிப்பீட்டை ஒரு கோடி மடங்குக்கும் மேல் கீழே இறக்கிவிட்டது. ஆனாலும் மக்கள் மனதில் நின்றது முதல் எண்தான்.

அட்டவணையில் இருந்த ‘சிறந்த முறை’யும் நிலைக்கவில்லை. காரணம் புரிய, திரும்ப ஃபெர்மாவிடம் போக வேண்டும். ஓர் எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால் காரணிகள் தாமே விழுந்துவிடும் என்பது அவர் கண்ட வழி. ஜெவன்ஸின் எண்ணையே எடுத்துக்கொள்வோம். அதன் வர்க்கமூலம் 92824ஐக் கொஞ்சம் தாண்டும். 92825இலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக வர்க்கம் எடுத்து, அதிலிருந்து ஜெவன்ஸின் எண்ணைக் கழித்துப் பார்த்துக்கொண்டே போனால், 56ஆவது முயற்சியில் 92880 வரும். அதன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தால் 1,02,33,601. அது 3199இன் வர்க்கம். ஆகவே காரணிகள் 92880−3199, 92880+3199. முடிந்தது. வேறு யாருக்கும் தெரியவராது என்று ஜெவன்ஸ் நம்பிய ரகசியத்தைப் பொறுமையுள்ள ஒருவர் ஒரே மதிய வேளையில் எடுத்துவிடலாம். அவர் தேர்ந்தெடுத்த இரண்டு பகா எண்களும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருந்ததே காரணம். நம் 129 இலக்க எண்ணில் பெரிய காரணி சின்னதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல். இந்த வழியில் நடந்தால் சேர முடியாது.

1920களில் மாரிஸ் கிரைச்சிக் இந்த வழியைத் திருத்தினார். கழித்து வருவது நேராக வர்க்கமாக இருக்க வேண்டும் என்று காத்திருக்காதே. வர்க்கமல்லாதவற்றைச் சேர்த்துப் பெருக்கி வர்க்கமாக்கு என்றார். 1817 என்ற எண்ணைப் பாருங்கள். 43இன் வர்க்கம் 1849. 1817ஐக் கழித்தால் 32. 47இன் வர்க்கம் 2209, கழித்தால் 392. 32 வர்க்கமல்ல, 392ம் அல்ல. ஆனால் 32ஐயும் 392ஐயும் பெருக்கினால் 12544. அது 112இன் வர்க்கம்! அந்தப் பக்கம் 43ஐயும் 47ஐயும் பெருக்கினால் 2021; 1817ஆல் வகுத்தால் மீதி 204. இப்போது 204−112 = 92. 92க்கும் 1817க்கும் பொதுவாக இருப்பது 23. 1817ஐ 23ஆல் வகுத்தால் 79. இரண்டே சின்னக் கணக்கில் எண் உடைந்துவிட்டது. 32, 392 இரண்டிலும் 2, 7 என்ற சிறிய பகா எண்கள் மட்டுமே இருந்ததுதான் இதன் சூட்சுமம். சிறிய பகா எண்களால் மட்டுமே ஆன மீதிகளை ஏராளமாகச் சேகரித்தால், அவற்றுக்குள் எவை எவற்றைச் சேர்த்தால் வர்க்கம் வரும் என்று நிச்சயமாகக் கண்டுபிடித்துவிடலாம்.

அத்தகைய மீதிகளைத் தேடுவதுதான் நேரம் தின்னும் வேலை. ஒவ்வொன்றையும் எடுத்து வகுத்து வகுத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. 1981இல் கார்ல் பாமரன்ஸ் அதற்கு மாற்று கண்டார். பகா எண்களைப் பிரித்தெடுக்கக் கிரேக்கத்து எரட்டோஸ்தனீஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயன்படுத்திய அதே சல்லடையை இங்கே கொண்டுவந்தார். 7ஆல் வகுபடும் மீதி ஒன்று எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்தடுத்தவை ஏழு ஏழு இடம் தள்ளி வரிசையாக வரும். வகுத்துப் பார்க்கவே வேண்டாம், குறித்துக்கொண்டு போனால் போதும். வகுத்தல் போய்க் கூட்டல் வந்தது. ‘இருபடிச் சல்லடை’ என்று இதற்குப் பெயர். பாமரன்ஸ் பள்ளி மாணவராக இருந்தபோது ஒரு கணிதப் போட்டியில் 8051ஐக் காரணிப்படுத்தும் கேள்வியில் தோற்றவர் என்பது அவரே சொன்ன செய்தி. 8100இலிருந்து 49ஐக் கழித்தால் அந்த எண். 90இன் வர்க்கம், 7இன் வர்க்கம். அந்த வித்தியாசம் அன்று அவர் கண்ணில் படவில்லை. பிறகு உலகத்தின் மிகச்சிறந்த காரணிப்படுத்தும் முறைகளில் ஒன்றை அதே வித்தியாசத்தின் மேல் கட்டினார்.

1993இல் நான்கு பேர் சேர்ந்தார்கள். எம்.ஐ.டி. மாணவர் டெரிக் ஆட்கின்ஸ், அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கிராஃப், ஆக்ஸ்ஃபோர்டின் பால் லேலண்ட், பெல்கோர் ஆய்வகத்தின் ஆர்யன் லென்ஸ்ட்ரா. இருபடிச் சல்லடையைத் துண்டு துண்டாகப் பிரித்து, இணையத்தின் வழியே உலகத்துக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 600 பேர் முன்வந்தார்கள். 1,600 அளவில் இயந்திரங்கள். க்ரே சூப்பர் கம்ப்யூட்டர் முதல் மேசைக் கணினி வரை. இரண்டு ஃபேக்ஸ் இயந்திரங்கள்கூட அதில் உண்டு. இராத்திரியில் சும்மா கிடக்கும் கணினிகள் மீதிகளைச் சலித்துக் கிடைத்ததை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டே இருந்தன. அன்றைக்கு இணையம் என்ற சொல்லே பெரும்பாலோருக்குப் புதிது. முன்பின் தெரியாத மனிதர்கள், கூலி எதுவும் எதிர்பாராமல், ஓர் எண்ணின் இரண்டு காரணிகளுக்காக எட்டு மாதம் சேர்ந்து உழைத்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

தேர்ந்தெடுத்த சிறிய பகா எண்கள் 5,24,339. வேண்டிய மீதிகள் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், 5,69,466 சேர்ந்தன. எவற்றைச் சேர்த்தால் வர்க்கம் வரும் என்று கண்டுபிடிக்க ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள் கொண்ட அணியைத் தீர்க்க வேண்டும். அதைச் சுருக்கி, பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட செயலிகள் கொண்ட மாஸ்பார் என்ற இயந்திரத்தில் லென்ஸ்ட்ரா ஓடவிட்டார். 45 மணி நேரம் ஓடியது. பல கூட்டணிகள் கிடைத்தன. ஒவ்வொரு கூட்டணியும் காரணியைத் தர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. இல்லாவிட்டால் எண்ணையே திருப்பிக் கொடுத்துவிடும். முதல் கூட்டணி எண்ணையே திருப்பித் தந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். 600 பேரின் எட்டு மாத உழைப்பு முடிந்து, அந்த மூன்று ஏமாற்றங்களை அடுத்தடுத்துப் பார்த்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். நான்காவது கூட்டணி கொடுத்தது:

3490529510847650949147849619903898133417764638493387843990820577

32769132993266709549961988190834461413177642967992942539798288533

ஏப்ரல் 1994 இறுதியில் செய்தி வெளியானது. நாம் ஆரம்பத்தில் போட்ட இலக்கக் கூட்டலை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம். முதல் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 325. கூட்டிக் கூட்டி வந்தால் 1. இரண்டாவதற்கு 341, கூட்டினால் 8. ஒன்றையும் எட்டையும் பெருக்கினால் 8. பெரிய எண்ணின் 620உம் 8இல்தான் முடிந்தது. முழுப் பெருக்கலுக்கு இது நிரூபணமாகாது, ஆனால் தாளில் தப்பாக எழுதியிருந்தால் பெரும்பாலும் இதிலேயே மாட்டிக்கொள்ளும்.

காரணிகள் வந்ததும் திறக்கும் சாவி வந்தது. பதினேழு ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த வாக்கியம் வந்தது. 200805 என்று தொடங்கும் 78 இலக்கங்கள். எழுத்தாக்கினால், ‘தி மேஜிக் வேர்ட்ஸ் ஆர் ஸ்க்வீமிஷ் ஆஸிஃப்ரேஜ்’. மந்திரச் சொற்கள் இவை என்று சொல்லிவிட்டு, அருவருப்பு மிகுந்த எலும்புண்ணிக் கழுகு என்று அர்த்தமே இல்லாமல் முடிகிறது. யாரும் ஊகித்துவிடக் கூடாதென்று ரிவெஸ்ட் அகராதியில் கண்டபடி எடுத்த சொற்கள். நூறு டாலரை வென்றவர்கள் அதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளைக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள்.

நானூறு கோடி கோடி ஆண்டு எங்கே, பதினேழு ஆண்டு எங்கே? கணினிகள் வேகமாகிவிட்டன என்பது பதிலின் சிறிய பகுதி மட்டுமே. அந்த எட்டு மாத வேலையின் மொத்த அளவு, நொடிக்குப் பத்து லட்சம் செயல்கள் செய்யும் இயந்திரம் ஒன்று 5,000 ஆண்டுகள் ஓடுவதற்குச் சமம் என்று மதிப்பிட்டார்கள். அதாவது 1978 அட்டவணையில் கற்பனை செய்த அதே வேகமுள்ள கணினியைக் கொடுத்திருந்தாலும் 5,000 ஆண்டுகளில் முடிந்திருக்கும். கோடி கோடிகளைத் தின்று தீர்த்தவை நல்ல முறைகள்தான். மனிதர்களின் யோசனைகள்தான். இந்த எண் ஒற்றைப்படை என்பது என்றைக்கும் மாறாது. இரண்டே பகா எண்களால் ஆனது என்பதும் மாறாது. ‘உடைப்பதற்குக் கடினமானது’ என்பதை மட்டும் அதன் பண்பாக நாம் எழுதிவைத்தது தவறு. அது நம் அறிவின் எல்லை. அந்த எல்லையை ஆண்டுகளில் அளந்து அச்சில் போடுவதில் ஜெவன்ஸும் இடறினார், ரிவெஸ்ட்டும் இடறினார். இவ்வளவுக்கும் இருவருமே கூர்மையானவர்கள். முறையின் மேல் குறையில்லை. ஆர்.எஸ்.ஏ. முறை அசையாமல் நின்றது, மூவருக்கும் 2002இன் டூரிங் விருது கிடைத்தது. குறை ஆண்டுக் கணக்கில்தான்.

2015இல் இதே எண்ணை வாடகைக் கணினிகளில், இருபடிச் சல்லடைக்குப் பின் வந்த ‘எண்புலச் சல்லடை’ என்ற முறையால், ஏறத்தாழ ஒரே நாளில், முப்பது டாலர் அளவு செலவில் மறுபடியும் உடைத்துக் காட்டினார்கள். பரிசுத் தொகையைவிடக் கூலி குறைந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று உடைந்தது. அதற்கு ஒற்றைச் செயலி கணக்கில் சுமார் 2,700 ஆண்டு உழைப்பு. நம் எண் உடைந்த அதே 1994இல் பீட்டர் ஷோர், குவாண்டம் கணினி என்ற ஒன்று போதிய அளவில் உருவானால் இத்தகைய எண்கள் எல்லாம் விரைவில் உடையும் என்று கணிதத்தில் நிறுவிவிட்டார். அதற்காகவே பெருக்கலை நம்பாத புதிய பூட்டுகளை இன்று உலகமெங்கும் உருவாக்கிவருகிறார்கள்.

இந்த முறையின் பெயரையே தாங்கிய ஆர்.எஸ்.ஏ. நிறுவனம் 1991இலிருந்து இப்படிப்பட்ட எண்களை வரிசையாகவே வெளியிட்டது. அந்த வரிசையின் வழக்கப்படிதான் நம் எண்ணுக்கும் 129 என்ற பெயர் வந்தது. வரிசையில் மிகப் பெரியது ஆர்.எஸ்.ஏ.–2048; இரும முறையில் எண்ணினால் 2048 இலக்கம், நம் வழக்கமான முறையில் 617 இலக்கம். அதற்கு வைத்த பரிசு இரண்டு லட்சம் டாலர். வரிசையின் எண்களை எந்த வலைப்பின்னலோடும் இணைக்காத ஒரு கணினியில் உண்டாக்கி, பிறகு அதன் ஹார்டு டிஸ்க்கை அழித்துவிட்டார்கள். 2007இல் பரிசுத் திட்டத்தையும் நிறுத்திவிட்டார்கள். 617 இலக்கத்தின் இரண்டு காரணிகள் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, அதை உண்டாக்கியவர்களுக்கும்தான்.